மகிழ மரமும் சாட்சிக் கூண்டும்

அறுபத்தொன்பது வயது வரையில் கோர்ட்டுப் படியை மிதிக்காமலே காலந்தள்ளிவிட்டோம் என்று உள்ளூர எனக்கு ஒரு பெருமை இருந்தது. 2022-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அந்தப் பெருமையும் போயிற்று. டவாலி வராந்தாவில் நின்று என் பெயரை மூன்று முறை கூவ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், எத்தனையோ உள்ளங்கைகள் பிடித்துப் பிடித்து வார்னிஷ் முழுவதும் தேய்ந்து வழுவழுத்துப்போன கட்டையைப் பற்றிக்கொண்டு சாட்சிக் கூண்டில் நின்றேன். யாராவது பகவத் கீதையை நீட்டுவார்கள், அதன்மேல் வலது கையை வைக்கவேண்டியிருக்கும் என்று, ஐம்பது வருஷ காலம் சினிமாப் பார்த்த ஞானத்தில், கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். கீதையும் வரவில்லை, வேறெந்தப் புஸ்தகமும் வரவில்லை. பெஞ்சு கிளார்க் வழக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அதில் பாதியை நான் திருப்பிச் சொல்வதற்குள், “வயசு? தொழில்?” என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நம் தேசத்து நீதிமன்றங்களில் சாட்சி சொல்ல வருபவர் எந்த நூலையும் தொடவேண்டியதில்லை என்பதும், 1969-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் கேட்பதெல்லாம் ஒரு வாய்ச்சொல்லைத்தான் என்பதும், அந்தச் சொல்லைக் கடவுளின் பெயரால் சொல்வதா, உளமார உறுதி கூறுவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை சாட்சிக்கே உண்டு என்பதும், வீட்டுக்குத் திரும்பிப் புஸ்தகத்தைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தன. என்னை எவரும் கேட்கவில்லை. நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்து அவரே தீர்மானித்துக்கொண்டிருக்கலாம் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அவர்தான் தலையையே தூக்கவில்லையே என்பது பிறகு ஞாபகம் வந்தது. ஆனால் என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்த விஷயம் அதுவன்று. அரைகுறையாக நான் சொன்ன அந்த வாக்கை யாருக்குக் கொடுத்தேன்? கடவுளுக்கா, மேடைமேல் உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட்டுக்கா, அல்லது எந்த விபத்தைப் பற்றிச் சொல்ல அங்கே போனேனோ அந்த விபத்தில் மாண்டுபோன பால்காரருக்கா? இந்தக் கேள்வியை மூன்று வருஷமாக நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

சத்தியம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு தனிக் கனம் உண்டு. அதற்குக் காரணம் என் பாட்டனார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அவர் ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் கடன் கொடுத்த முந்நூறு ரூபாய் திரும்பாமல், விவகாரம் முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று. அறுவடையின்போது நெல்லாகவே கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்று பிரதிவாதி சாதித்தார்; தீர்த்ததற்கு நோட்டின் பின்புறத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வழக்கு எப்படியும் தமக்குச் சாதகமாக முடியாது என்று கண்டுகொண்ட அந்த மனிதர், என் பாட்டனாரின் சுபாவத்தை நன்றாக அறிந்தவராகையால், கோர்ட்டில் ஒரு விண்ணப்பம் போட்டார்: வாதி எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, பணம் வரவில்லை என்று சத்தியம் செய்யட்டும், செய்தால் வட்டியும் முதலுமாகக் கட்டிவிடச் சம்மதிக்கிறேன்.

இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அன்று அது சட்டம். 1873-ஆம் வருஷத்து இந்தியப் பிரமாணச் சட்டம், ஒரு கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொடுத்து, மற்றவர் அவ்விதமே செய்துவிட்டால், அந்தச் சத்தியமே, ஒப்புக்கொடுத்தவரை முடிவாகக் கட்டுப்படுத்தும் ருசு என்று விதித்திருந்தது. சத்தியத்தைக் கோயிலில் வாங்கிவருவதற்கு ஒரு கமிஷனரைக்கூடக் கோர்ட்டு அனுப்பலாம். மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மறுத்ததையும், சொன்ன காரணத்தையும் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

என் பாட்டனார் மறுத்துவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, நோட்டு இருந்தது, கையெழுத்து இருந்தது. “உண்மைக்கும் சத்தியம் பண்ணப்படாதுடா, அது குடும்பத்துக்கு ஆகாது” என்று திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் ராஜி பேசி நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தார். பாதி போனதில் என் பாட்டிக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம். பொய்யனுக்கு லாபம், மெய்யனுக்கு நஷ்டம் என்று அந்த வயதிலேயே எனக்குப் பட்டது. இப்போதும் அப்படியேதான் படுகிறது.

இந்தச் சங்கடம் எங்கள் பாட்டனாரோடு தொடங்கியதல்ல. கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்துக்களைக் கங்கா ஜலத்தின் மீதும், முஸ்லிம்களைக் குர்ஆனின் மீதும் ஆணையிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். கௌரவமான மனிதர்கள் பலர் அதற்கு அஞ்சிச் சாட்சி சொல்லவே வராமல் ஒதுங்கினார்கள். அதனால் நியாய பரிபாலனத்துக்குத் தடை நேர்ந்தது என்றும், அந்த முறைகள் ஜனங்களின் மனச்சாட்சிக்கு விரோதமாயிருந்தன என்றும் 1840-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு ஆணைக்குப் பதிலாக உறுதிமொழியை ஏற்படுத்திற்று. பக்தி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மனிதன் சத்தியத்துக்கு அஞ்சுவான், ஆகையால் பக்திமானிடமிருந்தே மெய்யை வரவழைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், அந்த அச்சம் அவனைக் கூண்டுக்கே வரவிடாமல் அடித்துவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், கல்கத்தா வியாபாரி அமீசந்தின் வழக்கில், பிராமணர் ஒருவரின் பாதத்தைத் தொட்டு இந்துக்கள் செய்த சத்தியத்தை லண்டன் சான்ஸரி நீதிமன்றம் செல்லுபடியாகும் என்று ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தவனல்லாதவனுக்கும் மெய் பேசத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள அங்கே ஒரு பெரிய வழக்கு வேண்டியிருந்தது.

பழைய சட்டத்தில் ஒரு சிறு நிபந்தனை உண்டு. 1969-இல் புதுச் சட்டம் எழுதியவர்களும் அதை விடாமல் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தம் வகுப்பாரின் வழக்கப்படி சத்தியம் செய்ய விரும்பினால், அது நியாயத்துக்கும் கண்ணியத்துக்கும் விரோதமில்லாமலும், மூன்றாம் மனிதர் எவரையும் பாதிப்பதாகக் கருதப்படாமலும் இருந்தால் கோர்ட்டு அனுமதிக்கலாம். அதாவது, பெற்ற பிள்ளையின் தலைமேல் அடித்தோ, பிள்ளையைப் படுக்கவைத்துத் தாண்டியோ சத்தியம் செய்ய நியாயஸ்தலத்தில் இடமில்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் சர்வசாதாரணமாக நடந்துகொண்டிருந்த விஷயம் இது. அறியாத குழந்தையைப் பிணையாக வைத்துப் பெரியவர்கள் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்வதைக் கண்டிக்க நம்மிடம் எத்தனையோ சாஸ்திரங்கள் இருந்தும், அதை முதலில் தடுத்தது, ஒரு வறட்டுச் சட்டத்தின் அரை வாக்கியந்தான். சட்டத்தைத் திட்டுகிறபோது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கோயில் சத்தியம் போய்விட்டதா என்றால், கோர்ட்டிலிருந்துதான் போயிற்று, ஊரிலிருந்து போகவில்லை. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பின் சந்தனம் பூசிய கதவுகளுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்யத் துணிபவர் இன்றும் அபூர்வம். சிவகங்கைக்குப் பக்கத்தில் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுகிறவர்களும், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலின் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களும், போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கிடைக்காத நியாயத்தைத் தேடித்தான் அங்கே போகிறார்கள். இதைப் பாமர ஜனங்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. முறையீட்டைக் கேட்க ஆள் இல்லாதபோது மனிதர் அம்மனிடம் போகிறார்கள். அம்மன் வாய்தா கொடுப்பதில்லை. ஆனால் அதே மனிதர், கருப்புக்கு முன்னால் நாக்குப் புரளாத அதே மனிதர், கோர்ட்டுக் கூண்டில் ஏறினால் கண்ணை இமைக்காமல் பொய் சொல்லுகிறாரே, அது எப்படி?

இதற்கு விடை தேடும்போதெல்லாம் எனக்குத் திருவொற்றியூர் மகிழ மரம் நினைவுக்கு வருகிறது. சுந்தரர் சங்கிலியாரை மணக்க ஆசைப்பட்டார். உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. திருவாரூரை விட்டு அதிக நாள் இருக்க முடியாதவர் அவர். ஆகவே இறைவனிடமே போய், நான் சத்தியம் செய்யும் வேளையில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருந்தருளும் என்று வேண்டிக்கொண்டார். தோழராயிற்றே, இறைவரும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டுச் சங்கிலியாரின் கனவிலும் போய், மகிழின் கீழ் சத்தியம் கேள் என்று சொல்லிவைத்தார். மறுநாள் சந்நிதிக்கு வந்த சுந்தரரிடம் தோழிப் பெண்கள், இங்கே வேண்டாம், மகிழடியில் செய்யுங்கள் என்றார்கள். தப்ப வழியில்லை, மரத்தை வலம் வந்து சத்தியம் செய்தார். பின்னொரு வசந்த காலத்தில் வாக்கை மீறி ஒற்றியூரின் எல்லையைக் கடந்த மாத்திரத்தில் இரண்டு கண்களும் மறைந்தன. காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாகப் பார்வை திரும்பக் கிடைக்கும் வரையில் ஊன்றுகோல்தான் வழிகாட்டிற்று. சேக்கிழார் இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். தம் காவியத் தலைவரின் தந்திரத்தை மூடி மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

கடவுள் இல்லாத இடமாகப் பார்த்துச் சத்தியம் செய்யவேண்டும் என்ற ஆசை ஒரு பெரிய பக்தருக்கே இருந்திருக்கிறதென்றால், நமக்கு இருப்பதில் ஆச்சரியம் என்ன? ஒற்றியூரில் இறைவனைக் கெஞ்சித்தான் வெளியே அனுப்பவேண்டியிருந்தது. கோர்ட்டு விஷயத்தில் அந்தச் சிரமமும் இல்லை. அங்கே அவர் இல்லவேயில்லை, அது சர்க்கார் கட்டிடம் என்று நாமே முடிவுகட்டிவிட்டோம். ‘கடவுள் அறிய’ என்று பெஞ்சு கிளார்க் ஓட்டுகிற ஓட்டமும் அந்த முடிவைத்தான் ஊர்ஜிதம் செய்கிறது.

சுந்தரர் சரித்திரத்திலேயே மற்றொரு கட்டமும் உண்டு. புத்தூரில் கலியாணப் பந்தலுக்குள் ஒரு வயோதிகர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்று வழக்கிடுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவரோ, அது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று அசராமல் சொல்லி, அவ்வூர்ச் சபைக்கு அழைத்துப்போகிறார். அங்கே சபையார், நீண்டகால அனுபோகம், ஆவணம், கண்டவர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும் என்கிறார்கள். மூல ஓலை வருகிறது. பாட்டனாரின் வேறோர் எழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள். வந்த கிழவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவரே கோர்ட்டுக்கு வந்தபோது, ‘நான் சத்தியம் செய்கிறேன், நம்புங்கள்’ என்று சொல்லவில்லை. பத்திரத்தோடு வந்தார், நகல் வேறு எடுத்துவைத்திருந்தார். இந்தக் கட்டத்தைப் படித்த பிறகு, 1873-ஆம் வருஷத்துச் சத்தியப் பிரிவுகளை 1969-இல் கைவிட்டதற்காக எந்தச் சைவனும் வருத்தப்பட நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடவுளை நம்பாதவர் கதி என்ன என்று கேட்கலாம். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாஸ்திகர் 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூறுகிறேன் என்றதற்காக ஆசனம் மறுக்கப்பட்டார். ஓர் இரவு மணிக்கூண்டுச் சிறையிலும் வைக்கப்பட்டார். அந்தத் தொகுதி மக்கள் மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்து அனுப்ப, 1886-இல்தான் உள்ளே உட்கார முடிந்தது. 1888-இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அவர் 1889-இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்து போனவர். 1891-இல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திக வாலிபர் சவ அடக்கத்துக்குப் போயிருந்தார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்று பெயர். நம் அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 17-ஆம் தேதி, முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்கவேண்டும் என்று எச். வி. காமத் பிரேரேபித்தபோது, ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களித்து அது தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லாரும் நாஸ்திகர்களல்லர். விசுவாச விஷயத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்று பேசிய திருவிதாங்கூர் தாணு பிள்ளையைப் போன்ற ஆஸ்திகர்களும் அதில் இருந்தார்கள். பதவிப் பிரமாணத்திலோ இரண்டு வழியும் வைக்கப்பட்டது. அந்த இரண்டாம் வழியில்தான் 1967-இல் அண்ணாவும், 2021-இல் ஸ்டாலினும் நம் கண்முன்னே உளமார உறுதி கூறிப் பதவியேற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இதற்கு நேர்மாறான விகாரம் ஒன்றையும் பார்த்தோம். 2024-இல் பதினெட்டாவது லோக்சபையின் அங்கத்தினர்கள் பிரமாணம் எடுத்துக்கொண்டபோது, அரசியலமைப்பு எழுதிக்கொடுத்த வாசகத்துக்கு வாலாகக் கோஷங்களை ஒட்டினார்கள். ஒருவர் தம் தெய்வத்தை வாழ்த்தினார், ஒருவர் தம் தேசத் தலைவரை, ஒருவர் வேறு தேசத்தையே. முன்னும் பின்னும் எதையும் சேர்க்கக்கூடாது என்று பிறகு சபாநாயகர் விதியைத் திருத்தவேண்டியதாயிற்று. ஆணையைக் கொடிக்கம்பமாக்கிக்கொண்டவர்களில் ஆஸ்திகர், நாஸ்திகர் என்ற பேதம் இல்லை. இந்த விஷயத்தை இதற்குமேல் வளர்த்த எனக்கு விருப்பமில்லை.

என் வழக்குக்குத் திரும்புகிறேன். 2018-ஆம் வருஷம், பொழுது புலரும் நேரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் நான் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தபோது, டி.வி.எஸ். மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவரை, பின்னால் வந்த லாரி அடித்தது. ரோடு முழுவதும் பால் ஓடி, சாக்கடை ஓரமாகத் திரும்பி, டீக்கடை வாசல் வரை போயிற்று. நானும் டீக்கடைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பார்த்தோம். லாரி தவறான பக்கத்தில் ஏறி வந்ததை இருவரும் போலீஸாரிடம் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடவேண்டியதில்லை என்பது சட்டம். அது எவ்வளவு சௌகரியம் என்று பிறகு தெரிந்தது.

நாலு வருஷம் கழித்துச் சம்மன் வந்தது. முதல் தடவை போனபோது மாஜிஸ்திரேட் விடுப்பு. இரண்டாம் தடவை வக்கீல்கள் பகிஷ்கரிப்பு. மூன்றாம் தடவை எதிரித் தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை. நாலாம் தடவை, சாயங்காலம் வரை உட்காரவைத்து, நேரமில்லை என்று அனுப்பினார்கள். உட்காரவைத்து என்றா சொன்னேன்? வராந்தாவில் இருந்த ஒரே பெஞ்சில் ஒரு கால் இல்லை. ஐந்தாம் தடவைதான் கூண்டேறினேன். எனக்கு அடுத்தபடியாக டீக்கடைக்காரர் ஏறினார். வருஷம் தவறாமல் மாலை போட்டு இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் போகிறவர். ‘கடவுள் அறிய’ என்று சொன்னார். “நான் கடைக்குள்ள இருந்தேங்க. சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். லாரி எந்தப் பக்கம் வந்திச்சுன்னு தெரியாது. போலீஸ் என்னை விசாரிக்கலை” என்றார். சர்க்கார் வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டதாகப் பதிவு செய்யச் சொன்னார். மிஞ்சியது என் சாட்சி ஒன்றுதான். அந்த அரை இருட்டில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் உமக்கு எத்தனை அடி தூரம் கண் தெரியும் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். கண்ணாடியை அன்று நான் போட்டிருக்கவில்லை என்பது உண்மை, அதையும் சொன்னேன். சந்தேகத்தின் பலன் டிரைவருக்குக் கிடைத்தது. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. இருந்த சாட்சியத்துக்கு அப்படித்தான் எழுத முடியும்.

வெளியே வந்ததும் டீக்கடைக்காரர் தாமே என்னிடம் வந்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பென்ஷன் வாங்கறவரு. என் கடை ரோட்டு மேல இருக்கு” என்றார். அவ்வளவுதான். லாரிக்காரர்கள் மிரட்டினார்களா, பணம் கொடுத்தார்களா, அல்லது ஐந்து நாள் கடையைச் சாத்திவிட்டு அலைந்த சலிப்பா, நான் கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் ஆறிவிட்டது.

ஆனால் கோபம் ஆறுவது வேறு, விஷயம் தீர்வது வேறு. பொய்மையும் சில இடத்தில் வாய்மையின் ஸ்தானம் பெறும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்று நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் எடுத்து வீசுவார்கள். அதற்கு அவர் வைத்த நிபந்தனை, விளையும் நன்மையில் குற்றமே இருக்கக்கூடாது என்பது. வாய்மை என்பதையே பிறருக்குத் தீங்கில்லாத சொல் என்றல்லவா அவர் விளக்குகிறார்? டீக்கடைக்காரரின் ஒரு சொல்லால் பால்காரரின் மனைவி என்ன ஆனாள் என்று பார்த்தால், அந்தக் குறள் அவருக்கு உதவாது. அது பிறனுக்குச் செய்த தீங்கு. சத்தியத்தை நாம் கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கையாகவே நினைத்துப் பழகிவிட்டதால், அது அடுத்த வீட்டானுக்குத் தரவேண்டிய கடன் என்பது மறந்துபோயிற்று. காணிக்கையைக் குறைத்துப் போட்டால் சாமி மன்னிக்கும், கடனைக் குறைத்தால் கடன்காரன் வயிறு காயும்.

பொய்ச் சாட்சிக்குச் சட்டத்தில் தண்டனை இல்லாமலில்லை. பழைய பீனல் கோடின் 193-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் நியாய சன்ஹிதையின் 229-ஆம் பிரிவும் ஏழு வருஷம் வரை சிறை என்கின்றன. பாதிக்கப்பட்டவர் நேராக வழக்குப் போட முடியாது. பொய் சொல்லப்பட்ட அந்தக் கோர்ட்டே புகார் கொடுக்கவேண்டும். கட்டுகள் மலையாகக் குவிந்துள்ள கோர்ட்டுகள் இதற்குப் புது வழக்கு ஒன்றைத் தொடங்க விரும்புவது அரிது. எல்லாப் பிறழ் சாட்சிகளையும் உள்ளே தள்ளுங்கள் என்று முழங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தள்ளுவதானால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆயத்தமாக வைத்திருக்கும் மகஜர் சாட்சிகளிலிருந்து தொடங்கட்டும். டீக்கடைக்காரர் வரிசையில் கடைசியில் நிற்கட்டும்.

ஏனென்றால் பிரமாணம் ஒரு பக்கத்து ஒப்பந்தமன்று. மெய் சொல்வேன் என்று பிரஜையிடம் வாக்கு வாங்குகிற ராஜ்யம், அவனுக்கு ஒரு நாற்காலியும், குடிக்கத் தண்ணீரும், வந்த நாளிலேயே கேட்டு அனுப்பும் மரியாதையும், வீடு திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமும் தரக் கடமைப்பட்டிருக்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. சாட்சி நாள் முழுவதும் காத்திருந்து வழக்கு ஒத்திவைக்கப்பட்டதை அறிந்து திரும்புவதையும், அவனுக்கு உட்கார இடமில்லாததையும், சேவகர்கள் அவனை விரட்டுவதையும் சுப்ரீம் கோர்ட்டு 2000-ஆம் வருஷத்திலேயே ஸ்வரண் சிங் வழக்கில் வேதனையோடு எழுதிற்று. சாட்சிகளின் பாதுகாப்புக்கான திட்டத்துக்கு 2018 டிசம்பரில் அதே கோர்ட்டு சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. சாட்சி வந்திருக்கும் நாளில், விசேஷ காரணத்தை எழுதிவைக்காமல், விசாரிக்காது ஒத்திவைக்கக்கூடாது என்பது பழைய நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. புதிய சுரக்ஷா சன்ஹிதையின் 346-ஆம் பிரிவிலும் இருக்கிறது. நான் நாலு தடவை திரும்பியதற்கு விசேஷ காரணம் என்ன எழுதப்பட்டது என்று பார்க்க எனக்கு ஆசை.

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரை அலைக்கழிக்கக்கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அப்படி உதவுபவருக்கு அந்தச் சட்டம் கொடுத்திருக்கும் பெயர் ‘நல்ல சமாரியன்’. லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்திலிருந்து எடுத்த பெயர். நம் பார்லிமெண்டில் அதற்கு எவரும் மத ஆக்ஷேபணை எழுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறு. அந்தக் கதையை இயேசு சொன்னது ஒரு நியாயசாஸ்திரிக்கு, அதாவது நம் பாஷையில் ஒரு வக்கீலுக்கு. எனக்கு அயலான் யார் என்று அந்த வக்கீல் சட்ட நுணுக்கமாக ஒரு கேள்வி கேட்டார். பதிலாக வந்தது ஒரு ரோட்டோரக் கதை. குர்ஆனின் ‘நிஸா’ அத்தியாயமோ இன்னும் ஒரு படி மேலே போய், உங்களுக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் விரோதமாக இருந்தாலும் நியாயத்துக்காகச் சாட்சியாய் நில்லுங்கள் என்கிறது. புதிய சட்டத்தின் விதிகள் நல்ல சமாரியனைச் சாட்சி சொல்ல நிர்ப்பந்திக்கவில்லை, சரியே. ஆனால் எல்லா நல்ல சமாரியர்களும் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்டால், அந்தக் கதையில் வரும் சத்திரக்காரனிடம் கொடுக்கவேண்டிய மீதிப் பணத்தை யார் கொடுப்பது?

பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தை, சத்தியம் என்பதன் தன்மையை அறியாவிட்டாலும், மெய் சொல்லவேண்டியது கடமை என்று தெரிந்திருந்தால், அதனிடம் பிரமாணம் வாங்க வேண்டியதில்லை என்று 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின் நாலாவது பிரிவு சொல்கிறது. பெஞ்சு கிளார்க்குகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று: மற்றவர்களுக்காவது அந்த வாசகத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள், கடவுளின் பெயராலா, உளமாரவா என்று தலையைத் தூக்கி ஒரு வார்த்தை கேளுங்கள். அரை நிமிஷந்தான் ஆகும்.

பால்காரரின் மனைவி போட்ட நஷ்டஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் சாட்சி சொல்ல எனக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதிக்குச் சம்மன் வந்திருக்கிறது. டீக்கடைக்காரருக்கும் வந்திருக்கிறதாம், சேர்ந்தே போகலாமா சார் என்று நேற்றுக் கேட்டார். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.